உறங்காப்புளி வளர்ப்பவர்கள்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் திருக்கண்ணங்குடி என்று ஒரு திவ்ய தேசம் இருக்கிறது. திருவரங்கத் திருப்பணிக்காகப் பொன்னோடு அந்த வழியே வந்த திருமங்கையாழ்வாருக்கு அங்கே இருட்டிவிட்டது. பொன்னை ஒரு புளியமரத்தடியில் புதைத்தார். விடியும்வரை தூங்காமல் காவல் இருக்கும்படி மரத்துக்குக் கட்டளையிட்டார். பிறகு தாம் படுத்து நிம்மதியாக உறங்கினார். இரவில் இலை மடக்குவது புளியமரத்தின் இயல்பு. ஆழ்வார் சொல்லைத் தட்டமுடியாமல் அந்த மரம் இலை மடக்காமல் நின்றது, உறங்காப்புளி என்று பெயர் பெற்றது என்பது தல வரலாறு.

ஒரு மரத்தைத் தூங்கவிடாமல் வைத்ததையே நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிளஸ் டூ விடுதிப் பள்ளிகளை நடத்தும் பெரியோர்களே, நீங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை விழிக்க வைத்திருக்கிறீர்கள். நாமக்கல், சேலம், ஈரோடு வட்டாரத்தில் பேர் எடுத்து, இன்று மாநிலத்தின் எல்லாப் பக்கமும் பரவியிருக்கும் இந்தச் சாதனைக்கு முறையான பாராட்டு கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே ஒரு சொல்லும் கூட்டாமல், உள்ளதை உள்ளபடி புகழ்கிறேன்.

முதலில் உங்கள் ஒழுங்கு. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைக் காலை ஆறரை மணிக்கு எழுப்ப ஒரு தாய் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். போர்வையை உருவி, மின்விசிறியை நிறுத்தி, "ஏய், பஸ் போயிருச்சுடி" என்று பொய் சொல்லி, கடைசியில் அழாத குறையாக நிற்பாள். நீங்கள் நாலரை மணிக்கு ஒரே விசிலில் நானூறு பேரை எழுப்புகிறீர்கள். ஐந்து மணிக்கு அத்தனை பேரும் ஈரத் தலையோடு ஸ்டடி ஹாலில் இருக்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தலைகள். சாய்ந்துகொள்ளச் சுவர் கிடைக்காதபடி நாற்காலிகளைப் போட்டிருக்கும் நுணுக்கம் வேறு எங்கும் காணக் கிடைக்காது. தலை கவிழ்ந்தால் எழுந்து நின்று படிக்க வேண்டும். நின்றும் கண் சொருகினால் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். அதற்கும் மசியாத கண்ணுக்கு வராந்தாவில் நடந்தபடி படிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பிறகு பள்ளி நேரம், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், ஆறு மணிக்கு மறுபடி ஸ்டடி, சாப்பாடு, ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை மறுபடி ஸ்டடி. பொதுத்தேர்வு நெருங்கினால் பதினொன்று பன்னிரண்டாகும்.

சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் நீங்கள் இதை மறைப்பதே இல்லை. உங்கள் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். "இங்க யாரையும் தூங்க விடமாட்டோம்மா, நீங்க கவலைப்படாம போங்க" என்று அலுவலகத்தில் உட்கார்ந்து வெளிப்படையாகவே சொல்கிறீர்கள். சாப்பாடு போடமாட்டோம் என்று சொல்லி ஒரு விடுதி பிள்ளைகளைச் சேர்த்துவிட முடியாது. தண்ணீர் தரமாட்டோம் என்றால் மாவட்ட ஆட்சியர் மறுநாளே வாசலில் நிற்பார். தூங்க விடமாட்டோம் என்பதை மட்டும் ஒரு வசதியாக எடுத்துச் சொல்லி, அதற்குக் கட்டணமும் வாங்கும் இடத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கட்டிலுக்கும் மெத்தைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டணம்.

உங்கள் கணக்கும் பிசகாதது. பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். 13 வயது முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2016ல் வரையறுத்தது. அதில் குறைந்த அளவான எட்டையே எடுத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்தை ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் மீட்டெடுக்கிறீர்கள். விடுமுறைகளைக் கழித்து ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 750 மணி நேரம். எட்டு மணி நேர இரவுகளாகப் பார்த்தால் 93 இரவுகளுக்கு மேல். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் சேர்த்து ஆறு மாதத்து இரவுகள். ஒரு பிள்ளையின் பதினாறாம் வயதிலிருந்தும் பதினேழாம் வயதிலிருந்தும் அரை வருட உறக்கத்தை இவ்வளவு சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள உங்களால் மட்டுமே முடியும்.

உங்கள் துணிச்சலுக்கு எதிரே நிற்பது இயற்கை. அது சாதாரண எதிரி அல்ல. புளியமரம் இரவில் இலை மடக்குவதை நாம் வெறும் வெளிச்சத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1729ல் பிரான்சில் டி மைரான் என்ற அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் மடக்கும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் அது வேளை தவறாமல் விரித்தது, மடக்கியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வித்தானது. அந்தக் கடிகாரத்தின் மரபணு நுட்பத்தை ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தமிழ்நாட்டுக்குள் முழுமையாக வந்தது, உங்கள் கால அட்டவணை இன்னும் நீண்டது.

அந்தக் கடிகாரம் வளரிளம் பருவத்தில் தள்ளிப்போகிறது. பருவம் எய்தும் வயதில் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் பத்து வயதில் ஒன்பது மணிக்கே சுருண்ட பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினொன்றானாலும் கண் கனப்பதில்லை. காலையிலும் அதே அளவுக்குப் பின்னால்தான் அதன் உடல் விழிக்கும். மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் 1970களில் ஸ்டான்ஃபோர்டில் கோடை முகாம் நடத்தி, பிள்ளைகளை ஆண்டுக்கு ஆண்டு வரவழைத்து அளந்தார். வயது கூடக் கூட உறக்கத் தேவை குறையும் என்றுதான் அன்று பலரும் எண்ணினார்கள். தேவை குறையவில்லை. பெரிய பிள்ளைகள் சிறுவர்களைவிடப் பகலில் அதிகமாகத் தூங்கி விழுந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளை காலையில் எழ மறுப்பது சோம்பல் அல்ல, உடல் கேட்பது அது. அந்த உடலோடு நாள் தவறாமல் மல்லுக்கு நின்று, விசிலாலும் வாளித் தண்ணீராலும் அதைத் தோற்கடிக்கிறீர்கள்.

இதில் என் மனம் நெகிழ்ந்த ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் பினியல் சுரப்பி வருகிறது. மெலடோனினைச் சுரக்கும், உறக்க விழிப்புச் சுழற்சியை ஒழுங்குசெய்யும் என்று பாடநூல் சொல்கிறது. நீட் பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்கள் மாணவி காலை ஐந்து மணிக்கு வாய்விட்டுப் படிக்கிறாள். அவள் படிக்கும் பொருள் அந்த நேரத்தில் அவள் இரத்தத்திலேயே மிகுந்து கிடக்கிறது. படுத்துக்கொள், இன்னும் விடியவில்லை என்று அது உள்ளேயிருந்து சொல்கிறது. அவள் அதை மனப்பாடம் செய்கிறாள். பாடத்தைப் பிள்ளையின் உடம்பிலேயே காட்டிக் கற்பிக்கும் பள்ளி இதைவிட வேறு இருக்க முடியாது. கேள்வி வந்தால் அவள் தவறாமல் சரியான விடையைக் குறிப்பாள். நான்கு மதிப்பெண்.

படித்தது தலையில் நிற்பதற்கு நீங்கள் கையாளும் முறையையும் சொல்ல வேண்டும். பகலில் கற்றதை மூளை இரவில்தான் அடுக்குகிறது. உறக்கத்தின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. வளர்ச்சி இயக்குநீர் பெரிதும் சுரப்பது அப்போதுதான், அன்றைய பாடம் நிலையான நினைவாக மாறுவதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கனவுகள் மிகுந்த உறக்கம் பின்னிரவில், விடியலுக்கு முந்தைய மணிகளில் கூடி வருகிறது. மனத்தின் கொந்தளிப்பைத் தணிப்பதிலும், கற்றவற்றை ஒன்றோடொன்று இணைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாலரை மணி விசில் சரியாக அந்தப் பகுதியின் மேல் விழுகிறது. நேற்று படித்தது நிற்கவில்லை என்பதால் ரிவிஷன். ரிவிஷனுக்கு நேரம் போதவில்லை என்பதால் இன்னும் அரை மணி முன்னதாக விசில். அந்த விசிலால் ரிவிஷனும் நிற்பதில்லை. ஒரு பாடத்தை ஏழு முறை படிக்கவைக்கும் உங்கள் உழைப்பை எல்லோரும் மெச்சுகிறார்கள். ஏன் ஏழு முறை படிக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் இதை அளந்தே பார்த்தார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயதுவரையான மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு வார காலம் ஒரு குழுவுக்கு இரவில் 9 மணி நேரமும் மற்றதற்கு 5 மணி நேரமும் படுக்கை கொடுத்தார்கள். 2016ல் முடிவு வெளியானது. ஐந்து மணி நேரக் குழுவுக்கு ஊன்றிய கவனமும், ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்யும் திறனும் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவு முழுதாக உறங்கவிட்டும் அவர்கள் பழைய நிலைக்கு வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளை ஆறு மணிவரை தூங்கவிடும் உங்கள் தாராள மனத்தை இந்த முடிவோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் அளவு புரிகிறது.

"பழகிடுச்சு சார், எனக்கு ஒண்ணும் தெரியல" என்று பிள்ளைகளே சொல்கிறார்கள் என்பீர்கள். சொல்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் உறங்கவிட்ட ஆய்வு 2003ல் வெளியானது. முடிவில் அவர்கள் கவனம், முழுதாக ஓரிரு இரவுகள் கண் விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றே அவர்கள் சொன்னார்கள். உறக்கம் கெட்டவருக்கு அதோடு சேர்ந்து போவது தனக்கு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறியும் திறன். முறையிடத் தெரியாத அளவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவதுதான் ஒரு விடுதி அமைதியாக நடப்பதற்கு வழி. அதையும் நீங்கள் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் வளாகத்தின் கட்டுப்பாடு இன்னொன்று. ஒரு சொட்டு மது உள்ளே வராது. பையைச் சோதித்து, பெட்டியைச் சோதித்துத்தான் விடுகிறீர்கள். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் நிதானமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைகின்றன என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2000ல் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். நாலரைக்கு எழுந்த பிள்ளை இரவு ஒன்பதரைக்கு 17 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அது கரிம வேதியியல் படிக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையிடம் ஒரு மொபெட்டின் சாவியைக் கொடுக்க நாம் யாரும் துணியமாட்டோம். அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பாடத்தை நீங்கள் துணிந்து கொடுக்கிறீர்கள்.

பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுகிறீர்களே, அதை மனதாரப் புகழ்கிறேன், இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் இரவை இன்று அதிகமாகத் தின்பது அந்தச் சின்னத் திரைதான். போர்வைக்குள் ஒளிரும் வெளிச்சம் மெலடோனினை இன்னும் தள்ளிப்போடுகிறது, ஒரு ரீல் இன்னொரு ரீலைக் கூப்பிடுகிறது, மணி ஒன்றாகிவிடுகிறது. அந்தத் திருடனை நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். அவன் எடுத்திருக்கக்கூடிய மணிகளைப் பிள்ளைக்கு மிச்சம் வைத்திருக்கலாம். அவற்றை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

பெற்றோரைப் புகழாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விசிட்டிங் நாளில் உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். தூக்குப் போசியில் கறிக்குழம்பு, பையில் முறுக்கு, சத்துமாவு. லாரி ஓட்டுபவர், விசைத்தறியில் நிற்பவர், நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டியவர். தங்கள் தூக்கத்தை விற்றுப் பிள்ளைக்குப் படிப்பு வாங்க வந்தவர்கள் இவர்கள்.

"ஏங் கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்ட? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே?"

"ஒண்ணுமில்லம்மா. படிக்கிறோம்ல."

"கொஞ்ச நாளைக்குத்தான் சாமி. ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்க. அப்புறம் நல்லாத் தூங்கலாம்."

இந்த அன்பில் கலப்படமே கிடையாது. ஆனால் பதினாறு வயதில் போன உறக்கத்தை இருபது வயதில் வட்டியோடு கொடுக்கும் வங்கி எங்கும் இல்லை. மூளையின் முன்பகுதி, அதாவது பொறுத்து யோசித்து முடிவெடுக்கும் பகுதி, இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சிக்கு உறக்கம் தேவைப்படும் ஆண்டுகள் இவைதான். பிள்ளை அப்பாவிடம் எரிந்து விழுவதும், சின்ன மதிப்பெண் குறைவுக்கு மணிக்கணக்கில் அழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் குணக்கேடு என்று எண்ணி வருந்தும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். உறக்கம் குறைந்த வளரிளம் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று மருத்துவ உலகம் பலமுறை சொல்லியாகிவிட்டது.

என் உறவில் ஒரு பெண் அப்படி ஒரு பள்ளியில் படித்தாள். காலாண்டு விடுமுறைக்கு வந்த அன்று பகல் பதினொரு மணிக்குப் படுத்தவள் மறுநாள் விடிந்தும் எழவில்லை. சாப்பிட எழுப்பினார்கள், எழவில்லை. இரவில் அவள் அம்மா இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். விழித்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "அம்மா, பெல் அடிச்சிருச்சா?"

விடுதிகளில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் ஒரு வாரத்தில் பாதி அறைகள் இருமுகின்றன. தண்ணீர் மாறினதால், கூட்டம் அதிகம் என்பதால் என்று காரணம் சொல்வோம். 2015ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட 6 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. உங்கள் நோயாளி அறையின் மாத்திரைச் செலவுக்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கும்.

அதிகாலையில் எழுந்து படிப்பது நம் மரபு, பிரம்ம முகூர்த்தத்தில் படித்தது மறக்காது என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். மரபை நீங்கள் காப்பாற்றும் விதத்துக்கு நன்றி. அந்த மரபில் ஊர் எட்டு மணிக்கு அடங்கியது. மண்ணெண்ணெய் விளக்கைக் குறைத்துவிட்டு எட்டரைக்குள் திண்ணையில் பாய் விரித்தார்கள். நாலு மணிக்கு எழுந்த தாத்தா ஏழரை மணி நேரம் உறங்கித்தான் எழுந்தார். மரபின் காலையை எடுத்துக்கொண்டு மரபின் இரவை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் தொலைநோக்கில் எனக்குப் புரியாமல் வியக்கும் இடம் ஒன்று உண்டு. எந்தத் தேர்வும் காலை ஐந்து மணிக்கு நடப்பதில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதத் தொடங்குவது காலை 10.15க்கு. நீட் பிற்பகல் 2 மணிக்கு. 180 நிமிடத்தில் 180 கேள்வி, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின், மே மாத வெயிலில், மூன்று மணி நேரம் சிதறாத கவனம் வேண்டும். உறக்கம் குறைந்தவருக்கு முதலில் உடைவது அந்தக் கவனம்தான். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி உறங்கிவிடும். வாசிப்பவர் அதே வரியை மறுபடி வாசிப்பார், ஏன் என்று அவருக்கே தெரியாது. 'தவறான கூற்றைத் தேர்ந்தெடு' என்பதில் 'தவறான' என்ற சொல் அந்த விநாடியில் போய்விடும். பிள்ளையை இரண்டு வருடம் தயார்செய்து, அந்த மூன்று மணி நேரத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு அனுப்புகிறீர்கள்.

பிற நாட்டார் உங்கள் உறுதியின் பக்கத்தில் வரமாட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊர் 1996லேயே உயர்நிலைப் பள்ளியின் தொடக்கத்தைக் காலை 7.20லிருந்து 8.30க்குத் தள்ளியது. சியாட்டில் நகரம் 2016ல் 7.50லிருந்து 8.45க்கு மாற்றியது. பிள்ளைகள் கிடைத்த நேரத்தை வீணாக்குவார்கள், இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று பயந்தார்கள். அளந்து பார்த்தால் உறக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியிருந்தது, ஆய்வுக்கு எடுத்த வகுப்புகளில் மதிப்பெண் 4.5 சதவீதம் உயர்ந்திருந்தது. கலிபோர்னியா சட்டமே போட்டது. 2022 ஜூலை முதல் அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. படிப்புப் போட்டியில் நமக்கு இளைக்காத சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016ல் தொடக்கத்தை 7.30லிருந்து 8.15க்கு நகர்த்தியது. நாலு மணி நேரம் தூங்கினால் தேறலாம், ஐந்து மணி நேரம் தூங்கினால் தோற்கலாம் என்று பேச்சு வழங்கும் தென்கொரியாவிலேயே, சோல் நகரத்து டியூஷன் மையங்கள் இரவு 10 மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மீறுபவர்களைப் பிடிக்க ஆட்கள் சுற்றுகிறார்கள். நம் மத்திய கல்வி அமைச்சகமும் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, மிக அதிகாலையிலும் மாலையில் வெகுநேரம் கழித்தும் கூடாது, வாரம் ஒருநாள் விடுமுறை வேண்டும், அதற்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது பயிற்சி மையங்களுக்குத்தான், பள்ளிக்கு அல்ல என்பதைக் கண்டுபிடித்து நிம்மதியடைந்தவர்களும் உங்களில் உண்டு.

மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017ல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மேல் இருக்கும் அழுத்தம் குறையட்டும் என்பது நோக்கம். நீங்கள் அந்தப் பணியை அரசிடமிருந்து ஏற்றுக்கொண்டு பைபாஸ் ஓரத்து ஃபிளக்ஸ்களில் நடத்திவருகிறீர்கள். கட்-ஆஃப் எண்ணோடு சிரிக்கும் முகங்கள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை ஸ்டுடியோக்காரர் அழித்துக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள், உழைத்தவர்கள். இத்தனை உறக்கம் பறிபோயும் இவ்வளவு வாங்கியவர்கள் உறங்கியிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்பதை எந்த ஃபிளக்ஸிலும் அச்சடிக்க முடியாது. ஃபிளக்ஸில் இடம்பெறாத மற்ற முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் அதே நாலரை மணிதான், அதே பதினொரு மணிதான்.

புகழ்ந்து முடித்துவிட்டேன். இனி ஒரு விண்ணப்பம்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அட்டவணையில் இரண்டு எண்களை மாற்றுங்கள். விளக்கணைக்கும் நேரம் இரவு 10, விசில் அடிக்கும் நேரம் காலை 6. பாடத்தையோ தேர்வையோ கட்டணத்தையோ மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வகுப்புப் பிரிவில் மூன்று மாதம் மட்டும் செய்து, உங்கள் சொந்த ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண்ணையே வைத்து அளந்து பாருங்கள். அளப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. அரசு அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடுதிச் சமையலறையையும் கழிப்பறையையும் பார்வையிடும்போது, இரவு பத்தரைக்கு ஒருமுறை ஸ்டடி ஹாலுக்கும் போய் வாருங்கள்.

பெற்றோர்களே, சேர்க்கைக்குப் போகிற அன்று எத்தனை சென்டம் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு விளக்கணைப்பீர்கள், எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டு மணி நேரம் இல்லையென்றால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.